கையில உக்காரணுமா, தட்டி உக்காரணுமா?

கோயம்புத்தூர் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ, சென்னை அம்பத்தூரிலோ, ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஸ்டெப் ஃபைலை (பாகத்தின் முப்பரிமாண மாடல்) அனுப்பிவிட்டு நேரில் போய் நின்றால், விலை பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும். "தம்பி, பேரிங் கையில உக்காரணுங்களா, தட்டி உக்காரணுங்களா?" எதிரே நிற்கும் பொறியியல் மாணவர் லேப்டாப்பைத் திறந்து மாடலைச் சுழற்றிக் காட்டுவார். "47ங்கண்ணா, இதோ போட்டிருக்கேன் பாருங்க." "47 தெரியுதுங்க தம்பி. எந்த 47?" பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். மேஸ்திரியே ஒரு முடிவெடுத்து வெட்டிக் கொடுப்பார். பேரிங் உட்கார்ந்துவிட்டால் மாணவர் தன் டிசைன் சரி என்று நினைத்துக்கொண்டு போவார். உட்காராவிட்டால் பட்டறை சரியில்லை என்பார். இரண்டு விதத்திலும் அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கேள்வி எனக்குள் நெடுநாளாக நெருடிக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக்கல் டிசைன் கற்பது பற்றி நம்மிடம் இரண்டு கட்சிகள் உண்டு. "முதலில் லேத்தில் நின்று கை கருக்கணும், அப்புறம்தான் கேட்" என்பது பழைய கட்சி; கேட் என்றால் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது. "எல்லாம் சாஃப்ட்வேரிலேயே வந்துவிட்டது, சிமுலேஷனில் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்பினால் போதும்" என்பது புதுக் கட்சி. ஃபைல் பிடித்துத் தேய்த்தே ஒரு வருடம் ஓட்டியவருக்கு ஏன் அந்த இடத்தில் 47, ஏன் 45 இல்லை என்று தெரியாமல் போகலாம். திரையிலேயே வளர்ந்தவருக்கு 47 என்பது ஓர் எண்ணா, ஒரு வரம்பா என்றே தெரியாது. என்னைக் கேட்டால், எதை முதலில் கற்பது என்ற சண்டையே வீண். ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கெட்சில் தொடங்கி, வெட்டிய துளையின் விட்டத்தை போர் டயல் என்ற கருவியில் அளப்பது வரை ஒருவரே முழுக்கக் கொண்டுபோக வேண்டும். கோர்ஸ்களில் பத்து மாடல் போட வைக்கிறார்கள். பத்தும் திரையிலேயே பிறந்து திரையிலேயே செத்துப்போகின்றன.

அப்படி ஒரு பாகத்தை இங்கே பிரித்துப் பார்க்கலாம். 6204 பேரிங் உட்காரும் ஒரு ஹவுசிங், அதாவது பேரிங்கைத் தாங்கும் கூடு. ஊரில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும் பேரிங். உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ. ஹவுசிங் 6061 அலுமினியம், 75-க்கு 75 சதுரம், 25 கனம். நடுவில் 47 போர் (பேரிங் உட்காரும் துளை), 14.5 ஆழம். அதற்குப் பின்னால் 40 மி.மீ. துளை அந்தப் பக்கம் வரை. நான்கு மூலைகளிலும் எம்6 போல்ட்டுக்கு 6.6 துளை. இடம் பிடிக்க இரண்டு டவல் பின், 6 மி.மீ. அவ்வளவுதான். ஃப்யூஷனிலோ சாலிட்வொர்க்ஸிலோ ப்ரீகேடிலோ இதை வரைய கால் மணி நேரம் கூட ஆகாது. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எந்த 47?

வரைபடத்தின் மூலையில் பொது டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) என்று ஐஎஸ்ஓ 2768-எம் போட்டிருக்கிறது என்று வையுங்கள். டெம்ப்ளேட்டோடு வந்தது, யாரும் கவனிப்பதில்லை. அந்த அட்டவணைப்படி 30-க்கும் 120-க்கும் இடைப்பட்ட அளவுக்கு ±0.3 மி.மீ. சலுகை. ஆக வெறும் 47 என்று எழுதினால், 46.7-ல் வெட்டினாலும் 47.3-ல் வெட்டினாலும் பட்டறை தன் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் அர்த்தம். முதலாவதில் பேரிங் நுழையவே நுழையாது. இரண்டாவதில் கிணற்றுக்குள் வாளி போல லொடலொடவென்று ஆடும்.

பேரிங்கே கூட சரியாக 47 கிடையாது. சாதாரண வகை 6204-ன் வெளி விட்டம் 47.000-லிருந்து 46.989 வரை எங்கேயும் இருக்கலாம். அதாவது 11 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) கீழே வரை. உள் விட்டமும் 20.000-லிருந்து 19.990 வரை. ஹவுசிங்கை எச்7 என்ற வரம்புக் குறியீட்டால் குறித்தால் போர் 47.000-லிருந்து 47.025-க்குள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி பூஜ்யத்திலிருந்து 36 மைக்ரான் வரை. இது கையால் தள்ளி உட்கார வைக்கும் ஃபிட். அதுவே எம்7 என்றால் போர் 47.000-க்கும் 46.975-க்கும் நடுவில், பிரஸ் வேண்டும், அல்லது ஹவுசிங்கைச் சூடாக்க வேண்டும். மேஸ்திரி கேட்ட 'கையிலா, தட்டியா' என்பது இந்த எச்7-ஆ எம்7-ஆ என்ற கேள்விதான். அவர் அட்டவணை பார்த்திருக்க மாட்டார். கேள்வி மட்டும் அட்டவணையில் உள்ளதேதான்.

பதிலைத் தீர்மானிப்பது டிசைன் செய்பவரின் வேலை. அதற்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: லோடைப் பொறுத்தவரை எந்த வளையம் சுற்றுகிறது? ஷாஃப்ட் சுற்றுகிறது, பெல்ட் ஒரே திசையில் இழுக்கிறது என்றால், உள் வளையத்தின் எல்லாப் பக்கமும் மாறி மாறி லோடு வாங்குகிறது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஷாஃப்ட்டுக்கு கே6 கொடுத்தால் 20.002-லிருந்து 20.015 வரை, எப்போதும் 2 முதல் 25 மைக்ரான் இறுக்கம் இருக்கும். வெளி வளையம் ஒரே இடத்தில் லோடு வாங்குகிறது, அதற்கு எச்7 போதும். இதைத் திருப்பிப் போட்டால், ஐட்லர் புல்லியோ டிராலிச் சக்கரமோ மாதிரி ஷாஃப்ட் நிலையாக நின்று வெளிப்பக்கம் சுற்றினால், தட்டி உட்கார வேண்டியது வெளி வளையம். இது தெரியாமல் சுற்றும் வளையத்தை லூசாக விட்டால், வளையம் தன் இருக்கையிலேயே மெல்ல மெல்ல நகர்ந்து அதைத் தின்ன ஆரம்பிக்கும். சில மாதம் கழித்துக் கழற்றினால் போர் கண்ணாடி மாதிரி பளபளப்பாகவும் அளவு கூடியும் இருக்கும், சுற்றிலும் கருப்பு மசகோடு. சரி, எதற்கு வம்பு, இரண்டையும் இறுக்கிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. அந்த பேரிங்குக்குள் குண்டுகளுக்கு இருக்கும் மொத்த விளையாட்டே 5-லிருந்து 20 மைக்ரான்தான். உள்ளிருந்து விரித்து வெளியிலிருந்து நசுக்கினால் அது காணாமல் போய், பேரிங் சூடேறி கத்தும்.

இதில் எதுவும் கேட் மாடலில் தெரியாது. திரையில் ஷாஃப்ட்டும் 20, பேரிங்கும் 20, இரண்டு பரப்பும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்து கிடக்கும். அசெம்ப்ளியில் இன்டர்ஃபியரன்ஸ் செக் போட்டால் 'பிரச்சினை இல்லை' என்று வரும். இருக்க வேண்டிய இறுக்கம் அங்கே இல்லை என்பதைச் சொல்ல அந்தக் கட்டளைக்குத் தெரியாது.

கேம் அந்த எழுத்தைப் படிப்பதில்லை

எல்லாம் புரிந்து, வரைபடத்தில் 47 எச்7 என்று அழகாக எழுதியும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்து கேம், அதாவது மாடலிலிருந்து கட்டர் போகும் பாதையை எழுதும் சாஃப்ட்வேர். இங்கேதான், என் பார்வையில், இந்தப் படிப்பு முழுவதும் திரும்பும் முனை இருக்கிறது. எச்7 என்பது வரைபடத்தில் இருக்கும் எழுத்து. கேம் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது மாடலை. மாடலில் 47.000 இருந்தால் 47.000-க்குத்தான் பாதை போடும். அனுமதிக்கப்பட்ட வரம்போ 47.000-லிருந்து 47.025. ஆக நாம் மெஷினை வரம்பின் நடுவில் நிறுத்தவில்லை, விளிம்பில் நிறுத்தியிருக்கிறோம். எந்த மெஷினிலும் கட்டர் கொஞ்சம் தேயும், கொஞ்சம் வளையும். போரிங்கில் அந்த வளைவு அநேகமாக எப்போதும் போரைச் சின்னதாக்கும் பக்கமே போகும். முதல் பீஸ் 46.98 வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்குப் பட்டறைகளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மாடலையே வரம்பின் நடுவுக்கு, 47.012-க்கு வரைந்துவிடுவது. சிலருக்கு இது பிடிக்காது. வரைபடத்தில் 47 எச்7 என்று இருக்க மாடலில் 47.012 இருந்தால் அடுத்து திறப்பவர் குழம்புவார் என்பார்கள். நியாயம்தான். பாராமீட்டர் பட்டியலில் 'பேரிங்_போர்' என்று பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டால் குழப்பம் குறையும். இரண்டாவது வழி, மாடலை 47-லேயே விட்டுவிட்டு ஈடு செய்வதை ஆபரேட்டர் கைக்குக் கொடுப்பது. எனக்குப் பிடித்தது இது.

ஃப்யூஷன் கேமில் ஒரு பாதையைத் திறந்தால் 'காம்பென்சேஷன் டைப்' என்று ஒரு வரி இருக்கும். தானாக வருவது 'இன் கம்ப்யூட்டர்'. அப்படியே விட்டால் கட்டரின் ஆரத்தைச் சாஃப்ட்வேரே கழித்து ஜி-கோட் (மெஷினுக்கான கட்டளைகள்) எழுதிவிடும். ஆபரேட்டர் அளந்து பார்த்து 'இன்னும் மூன்று சென்ட் வேணும்' (0.03 மி.மீ.) என்றால், லேப்டாப்புக்குத் திரும்பி, பாதையை மாற்றி, மறுபடி போஸ்ட் செய்து, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். அந்த வரியை 'வேர்' என்று மாற்றினால் ஜி-கோடில் ஜி41-ம் ஒரு டி எண்ணும் வரும்; கட்டர் அளவுத் திருத்தத்தை மெஷினிலேயே பார்க்கச் சொல்லும் கட்டளை அது. போர் 46.98 இருக்கிறது, 47.01 வேண்டும் என்றால் விட்டத்தில் குறைவது 0.03. திருத்தத்தை ஆரக் கணக்கில் பதியும் கண்ட்ரோலில் அந்த டூலின் டி வேர் பக்கத்தில் மைனஸ் 0.015 என்று போட்டு ஃபினிஷ் பாஸை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். மெஷின், கட்டர் கொஞ்சம் சிறிசு என்று நம்பி, சுவரை அந்த அளவு அதிகமாக நெருங்கும். மைனஸா பிளஸா என்று குழம்பிப் பீஸைக் கெடுப்பவர்கள் உண்டு, அதனால் முதல் பீஸுக்கு முன்பே வேரில் பிளஸ் 0.05 போட்டு வேண்டுமென்றே சின்னதாக வெட்டி, அளந்து, பிறகு இறக்கி வருவது நல்ல பழக்கம். சின்ன போரைப் பெரிதாக்கலாம். பெரிதாகிவிட்ட போரைச் சின்னதாக்க எந்தச் சாஃப்ட்வேரிலும் பொத்தான் கிடையாது.

ஒரே ஒரு டிராப்-டவுன்தான். ஆனால் இதை மாற்றத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவில் உள்ள தூரம் பெரிது. மாற்றத் தெரிந்தவர், தான் போட்ட அளவு பிழையோடுதான் பிறக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தப் பிழையை யார், எங்கே, எப்படித் திருத்துவது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார். டிசைன் படிப்பில் இதற்கு ஒரு தேர்வு வைக்க வேண்டும் என்றால் நான் இந்த ஒரு வரியைத்தான் கேட்பேன்.

போரை எப்படி வெட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில், மூன்று பல். அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம் என்றால் சுமார் 6,370 சுற்று. பல்லுக்கு 0.05 கொடுத்தால் ஃபீட் 955 மி.மீ. ஹெலிக்ஸில் சுருண்டு இறங்கி, சுவரில் 0.2 விட்டு ரஃப் முடித்து, பிறகு ஃபினிஷ். இப்படி வட்டமடித்து வெட்டும் போரில் ஒரு குறை உண்டு. எக்ஸ், ஒய் அச்சுகள் திசை மாறும் நான்கு இடத்தில், கடிகாரத்தில் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில், மெஷினின் பேக்லாஷுக்கு (அச்சில் இருக்கும் தளர்வு) ஏற்ப ஒரு சின்னக் கோடு விழும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். பழைய விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) என்றால் இது 10 மைக்ரானைத் தாண்டலாம், அதாவது நம் வரம்பில் பாதி போச்சு. அப்போது ஃபினிஷை மட்டும் போரிங் ஹெட்டில் செய்வார்கள்; ஒற்றை முனை சுற்றுகிறது, அச்சு இறங்க மட்டுமே செய்கிறது, வட்டம் வட்டமாகவே வரும்.

அடிமூலையையும் பார்க்க வேண்டும். போரின் அடியில், தோள்பட்டை சேரும் இடத்தில், பலர் அழகுக்காக 2 மி.மீ. ஃபில்லெட் (மூலையை நிரப்பும் வளைவு) போட்டுவிடுவார்கள். பேரிங்கின் வெளி விளிம்பில் இருக்கும் வளைவே குறைந்தது 1 மி.மீ.தான். 2 மி.மீ. ஃபில்லெட்டில் அது ஏறி நின்றுகொள்ளும். தோளில் படியவே படியாது. அதே போல அந்த 40 மி.மீ. துளைக்கும் காரணம் உண்டு. 6204-க்கு ஹவுசிங் தோளின் விட்டம் 41.4-ஐத் தாண்டக் கூடாது என்று கேட்டலாக்கில் இருக்கிறது. தாண்டினால் வெளி வளையத்துக்குப் போதிய தாங்கல் இருக்காது. ஷாஃப்ட் பக்கம் தோள் குறைந்தது 25.6. அங்கே தாராளமாக 42 வரைந்து, தோள் வெளி வளையத்தை உரசிக்கொண்டு சுற்றும் டிசைன்களுக்குப் பஞ்சமில்லை. பேரிங் கேட்டலாக்கில் படத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் குட்டி அட்டவணையை யாரும் வாசிப்பதில்லை, முப்பரிமாண மாடலை மட்டும் இறக்கிக்கொள்கிறார்கள்.

வைஸும் வெயிலும்

பாகத்தை எப்படிப் பிடிப்பது என்பது டிசைனரின் கவலை இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 80-க்கு 80, 30 கனத்தில் அறுத்த பிளாக்கை வைஸில் (பீஸைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) நான்கு மி.மீ. மட்டும் பிடித்து, மேல் முகம், வெளிச் சதுரம், போர், துளைகள், டவல் எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடிக்கிறார்கள். பிறகு திருப்பிப் போட்டு அடியில் மிச்சத்தை மட்டும் எடுக்கிறார்கள். இதன் பலன், போரும் அது திறக்கும் முகமும் ஒரே செட்டிங்கில் பிறந்தவை. ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதற்கு மெஷினே உத்தரவாதம். அப்படியானால் ஹவுசிங்கை பிளேட்டில் போல்ட் போட வேண்டியது இந்த முகத்தைத்தான். பின் முகத்தில் போல்ட் போடும்படி டிசைன் செய்தால், திருப்பிப் போட்டபோது அடியில் மாட்டிய ஒரு சுருள் துணுக்கு கூடக் கோணத்தைக் கெடுத்துவிடும். டேட்டம் ஏ (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான முகம்) என்று எந்த முகத்தில் எழுதுகிறீர்கள் என்பது வைஸில் நடப்பதைப் பொறுத்தது. டவலுக்கு 5.8 ட்ரில், பிறகு 6 எச்7 ரீமர். போல்ட் துளையோடு அதே பிடியில் இதையும் முடித்துவிட வேண்டும். போல்ட் இறுக்கத்தான் உதவும், இடம் பிடிப்பது டவல்.

பிடி இறுக்கமாக இருந்தால் இன்னொன்று நடக்கும். போர் போனபின் இரண்டு பக்கமும் மிஞ்சுவது 14 மி.மீ. சுவர். வைஸ் நசுக்கிக்கொண்டிருக்கும்போது வட்டமாக வெட்டிய போர், வைஸைத் தளர்த்தியதும் பிளாக் தன் பழைய நிலைக்கு வருவதால் நீள்வட்டமாகிவிடும். வைஸில் இருக்கும்போது அளந்தால் எல்லாத் திசையிலும் 47.01. மேஜையில் வைத்து அளந்தால் ஒரு பக்கம் 47.02, மறு பக்கம் 47.00. ரஃப் முடிந்ததும் வைஸைத் தளர்த்தி, லேசாக மறுபடி பிடித்து, பிறகு ஃபினிஷ் போடுவது இதற்காகத்தான். கேம் சிமுலேஷனில் வைஸே இருக்காது, நீங்களாக மாடல் செய்து வைத்தாலொழிய. இருந்தாலும் அது நசுக்காது.

பிறகு வெயில். வரைபடத்தில் எழுதும் எந்த அளவும் 20 டிகிரியில் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி, ஐஎஸ்ஓ 1. நம் பட்டறைகளில் 20 டிகிரி என்பது மார்கழி விடியலில் கூட அபூர்வம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும். வெட்டி எடுத்த கையோடு 45 டிகிரியில் இருக்கும் பிளாக்கில் 47 போர், 20 டிகிரியில் இருப்பதைவிட 27 மைக்ரான் பெரிதாக இருக்கும். எச்7-க்குக் கொடுத்த மொத்த வரம்பே 25 மைக்ரான். சூடாக இருக்கும்போது 47.02 என்று அளந்து சந்தோஷமாகக் கழற்றி வைத்த பீஸ், ஆறியபின் பேரிங்கை உள்ளே விடாது. கூலண்ட் ஊற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளக்க வேண்டும். ஆறினாலும் கணக்கு முழுதாகத் தீராது. பிளாக்கும், போர் டயலைப் பூஜ்யம் வைக்கும் ஸ்டீல் மாஸ்டர் ரிங்கும் இரண்டுமே 35 டிகிரியில் இருந்தால், ஸ்டீல் அலுமினியத்தில் பாதிதான் விரியும் என்பதால், சுமார் 8 மைக்ரான் வித்தியாசம் மிஞ்சும். டயல் 47.010 காட்டினால் உண்மையில் 47.002. ஆகவே நம் ஊர் மதியத்தில் வரம்பின் மேல் பாதியைக் குறிவைப்பது புத்திசாலித்தனம்.

அளப்பதற்கு வெர்னியர் உதவாது. 0.02 படிக்கும் வெர்னியரை வைத்துக்கொண்டு 25 மைக்ரான் வரம்பைத் தீர்ப்பது, தராசில் மூட்டை நிறுத்துப் பழகியவர் தங்கம் நிறுப்பது மாதிரி. போர் டயலை மாஸ்டர் ரிங்கிலோ மைக்ரோமீட்டரிலோ பூஜ்யம் வைத்து, மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், ஆறு முறை படிக்க வேண்டும். மேலே பெரிது, அடியில் சின்னது என்று வந்தால் கட்டர் வளைகிறது. திசைக்குத் திசை மாறினால் வைஸ். எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குக் குறைந்தால் வேர் ஆஃப்செட். இந்த ஆறு எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு மெஷினில் என்ன நடந்தது என்பது நேரில் பார்க்காமலே தெரியும்.

மற்றவை, வேகமாக

ஸ்டெப் ஃபைலோடு வரைபடமும் போக வேண்டும். சாதாரணமாக அனுப்பும் ஸ்டெப்பில் த்ரெட் போகாது, துளைதான் போகும். 5 மி.மீ. துளை என்றால் அது எம்6 டேப்புக்கான ட்ரில்லா, வெறும் 5 மி.மீ. பின் துளையா? மாடலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 2014-ல் வந்த ஏபி242 வகை ஸ்டெப்பில் டாலரன்ஸையும் மாடலோடு சேர்த்து அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் வாங்கும் பக்கம் அதைத் திறந்து படிக்க ஆள் வேண்டும். அதுவரை ஏ4 தாளில் பிடிஎஃப்தான் நமக்குக் கதி. எஸ்டிஎல் அனுப்பவே அனுப்பாதீர்கள். அது முக்கோணங்களின் குவியல். போர் வட்டம் பலகோணமாகிவிடும், அளவு மி.மீ.யா அங்குலமா என்ற தகவல் கூட அதில் கிடையாது. 3டி பிரிண்டருக்கு அது சரி.

வரைபடம் எடுக்கும்போது டெம்ப்ளேட்டைப் பாருங்கள். அமெரிக்க டெம்ப்ளேட் என்றால் தேர்ட் ஆங்கிள்; பக்கத் தோற்றத்தை எந்தப் பக்கம் வரைவது என்ற முறை இது. இந்தியாவில் பிஐஎஸ்ஸின் எஸ்பி 46 சொல்வதும், ஐடிஐயில் படித்துவிட்டு வந்தவர் கண் பழகியதும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். நம் ஹவுசிங் சமச்சீர் என்பதால் தப்பித்துவிடும். எல் வடிவ பிராக்கெட் என்றால் இடது வலது மாறி, கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி ஒரு பீஸ் வந்து சேரும். அளவெல்லாம் அச்சு அசலாக இருக்கும், எங்கேயும் பொருந்தாது. மூலையில் கூம்புச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு விநாடி போதும்.

பாக்கெட் போட்டால் உள்மூலை ஆரத்தைக் கட்டரின் ஆரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். 30 ஆழத்தில் 2 ஆரம் கேட்டால் 4 மி.மீ. கட்டர் இறங்க வேண்டும்; அதே நீளத்தில் 10 மி.மீ. கட்டரைவிட அது 39 மடங்கு அதிகம் வளையும், விட்டத்தின் நான்காம் அடுக்குக் கணக்கு. 5.5 ஆரம் விட்டால் 10 மி.மீ. கட்டர் நிற்காமல் திரும்பிப் போகும். குருட்டுத் துளையில் எம்6 த்ரெட் 12 வேண்டும் என்றால் ட்ரில் 17 போக வேண்டும், டேப்பின் முன்பற்களுக்கும் சுருளுக்கும் இடம் வேண்டாமா. அனாலிசிஸ் கலர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கூர்மையான உள்மூலையில் வரும் சிவப்பை நம்பாதீர்கள். மெஷ்ஷை (கணக்குக்காக மாடலைப் பிரிக்கும் வலை) சின்னதாக்க ஆக்க அங்கே ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், எங்கேயும் நிற்காது. நிஜமான ஆரத்தைப் போட்ட பிறகு வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

புது புரோகிராமை முதல் தடவை ஓட்டும்போது ஜி54-ன் (மெஷினில் பதிந்த பீஸின் பூஜ்யப் புள்ளி) இசட்டை 50 மி.மீ. மேலே தூக்கி வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேப்பிட் குமிழைக் கீழே இறக்கி, காற்றில் ஓட்டிப் பார்ப்பது எந்த சிமுலேஷனுக்கும் பதிலாகாத பழக்கம். சாஃப்ட்வேருக்குத் தெரிந்த பூஜ்யமும் ஆபரேட்டர் தொட்டு வைத்த பூஜ்யமும் ஒன்றா என்பது காற்றில்தான் தெரியும்.

இரண்டாவது ஹவுசிங்

ஒரு ஷாஃப்ட்டுக்கு ஹவுசிங் இரண்டு வேண்டும். இங்கேதான் எல்லா அளவுக்கும் ±0.01 போட்டுவிடும் ஆசை வருகிறது, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. கணக்குப் போட்டால் தேவை அவ்வளவு இல்லை. இந்த வகை பேரிங் சில நிமிடக் கோணச் சாய்வைத் தாங்கும். கேட்டலாக் சொல்வது 2-லிருந்து 10 ஆர்க் நிமிடம் வரை. இரண்டு ஹவுசிங்கும் 200 மி.மீ. தள்ளி இருந்து, ஒன்றின் மையம் மற்றதைவிட 0.06 உயரமாக இருந்தால், சாய்வு ஒரு நிமிடம்தான். பேரிங் கண்டுகொள்ளாது. அதே 0.06, இரண்டும் 60 மி.மீ. தூரத்தில் இருந்தால் மூன்றரை நிமிடம், கவலைப்படத் தொடங்கலாம். எனவே தூரம் அதிகமென்றால் மைய உயரத்துக்கு ±0.03 தாராளம். கிட்ட கிட்ட என்றால் டாலரன்ஸை இறுக்குவதற்குப் பதில் முறையை மாற்றலாம்: இரண்டு பிளாக்கையும் முகத்தோடு முகம் சேர்த்து டவலில் பூட்டி, ஒரே பிடியில், ஒரே போரிங் ஹெட்டில், ஒரே மூச்சில் வெட்டுவது. அப்படி வெட்டுவதென்றால் டிசைன் மாற வேண்டும், அடியில் தோள் இருக்க முடியாது, ஊடுருவிப் போகும் 47 வேண்டும், தோளுக்குப் பதில் சர்க்லிப் (பிளவுபட்ட ஸ்பிரிங் வளையம்) காடி. மாடலைத் திறந்து முதல் ஸ்கெட்சுக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும். வரைபடத்தில் 'ஜோடியாகப் போர் செய்யவும், ஜோடி மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வெட்டி முடித்ததும் மேஸ்திரி இரண்டின் தலையிலும் எண் பஞ்சால் 1, 1 என்று ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், அடுத்த ஜோடிக்கு 2, 2. பேரிங் உட்காரும் முகத்தில் தட்டிவிடாதபடி, எண் எங்கே விழ வேண்டும் என்று ஒரு சின்னச் சதுரம் போட்டுக் காட்டிவிடுங்கள்.